தொழுவோரால் வாழும் தெய்வங்கள்

மனிதன் தன்னினும் மேலான ஆற்றல்களை உணரத் தொடங்கிய நாள்முதல் அவற்றை ஒரு வரிசையில் நிறுத்தவும் முயன்று வந்துள்ளான். கிரேக்கர் ஒலிம்பசு மலையின் உச்சியிலே சேயுசுக்கு அரியணை இட்டனர். வடபுல ஐரோப்பியர் ஒடினைத் தேவர்களின் தந்தை எனப் போற்றினர். இருக்கு வேதம் பாடியோர் இந்திரனையே ஏனைய தேவரினும் மிகுதியாகப் பாடினர். இவ்வரிசைகளை வகுத்தவர் யாவர், எந்த ஆண்டில் வகுத்தனர் என்று வினவினால் விடை கிடையாது. நூற்றாண்டுகள் பலவற்றின் ஊடாக, பெயர் தெரியாத பலருடைய நாவிலும் நெஞ்சிலும் வளர்ந்தவை அவை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சி நடந்தது. பெயரும் முகவரியும் உடைய சிலர், ஒரு விளையாட்டின் பொருட்டு, ஒரு முழுத் தெய்வ வரிசையைத் தாமே படைத்தனர். அத்தெய்வங்களை உண்மையில் வணங்குவார் எவருமில்லை. எனினும் அவை ஒவ்வொன்றுக்கும் பதவி உண்டு, துறை உண்டு, பிறப்பும் இறப்பும் உண்டு. இது வேண்டுமென்றே படைக்கப்பட்ட அமைப்பாதலின், அதன் விதிகள் எழுத்தில் உள்ளன. பழைய புராணங்கள் சொல்லாமல் விட்ட ஒரு வினாவை அவ்விதிகள் வெளிப்படையாக எழுப்புகின்றன. மேலே இருப்பவனுடைய அதிகாரம் எங்கிருந்து வருகின்றது என்பதே அவ்வினா.

முதலில் அவ்விளையாட்டின் இயல்பை அறிதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 1974ஆம் ஆண்டில் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். நிலவறைகளும் பறவைநாகங்களும் என்பது அப்பெயரின் பொருள். நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் வீரனாகவோ மந்திரவாதியாகவோ துறவியாகவோ தம்மைப் பாவித்துக்கொண்டு, இன்னது செய்வேன் என்று வாயாற் சொல்வர். செயல் பலித்ததா பலிக்கவில்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். வெற்றி தோல்வி என்ற முடிவு இதற்கு இல்லை. ஒரே கதை மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் நீளும். கூத்தும் கதைசொல்லலும் சூதாட்டத்தின் பகடையும் ஒன்றாய்க் கூடிய ஒரு பொழுதுபோக்கு எனலாம்.

இவ்விளையாட்டில் வரும் துறவிகளுக்கு வழிபடு தெய்வம் தேவைப்பட்டது. ஆகவே 1976ஆம் ஆண்டில் றொபேட் குன்ஸ், ஜேம்ஸ் வார்ட் என்போர் தெய்வங்களைப் பற்றி ஒரு துணைநூல் எழுதினர். 1980ஆம் ஆண்டில் அது விரிந்து பெருநூலாயிற்று. கிரேக்க, எகிப்திய, வடபுலத் தெய்வங்களோடு இந்தியத் தெய்வங்களும் அதில் இடம்பெற்றன. இந்திரன், அக்கினி, காளி ஆகியோரை அந்நூலின் அட்டவணைகளிலே காணலாம். ஒவ்வொரு தெய்வத்துக்கும் இத்தனை உயிர்ப்புள்ளி என்று கணக்கும் இடப்பட்டது. சேயுசுக்கும் ஒடினுக்கும் 400 புள்ளிகள்.

துதிப்பாடல்களின் வாயிலாக இந்திரனை அறிந்த ஒருவர் அவனை அட்டவணையிற் காணும்போது முகஞ் சுளிப்பது இயல்பே. அளவிடப்பட்டது குறைக்கப்படலாம், குறைக்கப்படுவது ஒழிந்தும் போகலாம். எண்ணிட்ட அளவிலேயே தெய்வம் சாகக்கூடிய பொருளாகிவிட்டது. ஆனால் அவ்வெண் இன்னொரு வாயிலையும் திறந்தது. தெய்வத்தின் வலிமைக்கு ஓர் அளவு உண்டெனில், அவ்வளவைக் கூட்டுவதும் குறைப்பதும் எது என்ற கேள்வி பிறந்தே தீரும்.

இக்கேள்விக்கு மிக விரிவாக விடை தந்த கற்பனை உலகம், கனடா நாட்டவராகிய எட் கிறீன்வூட் படைத்தது. ரொறன்ரோ நகரிலே 1959ஆம் ஆண்டிற் பிறந்த இவர், சிறு பிள்ளையாய் இருந்தபொழுதே, 1967ஆம் ஆண்டளவில், தம் கதைகளுக்கென ஓர் உலகைப் புனையத் தொடங்கினார். விளையாட்டு அப்போது தோன்றவே இல்லை. பின்னர் நூலகப் பணியாளராய் இருந்துகொண்டே அவ்வுலகை விளையாட்டுக்கு ஏற்ப அமைத்தார். அதன் தெய்வங்களைப் பற்றி 1981ஆம் ஆண்டில் ஒரு சஞ்சிகையிற் கட்டுரை எழுதினார். 1987ஆம் ஆண்டில் 'ஃபொர்கொட்டன் றெல்ம்ஸ்', அதாவது மறக்கப்பட்ட மண்டலங்கள், என்ற பெயரில் அவ்வுலகம் அச்சேறியது. 2023ஆம் ஆண்டில் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற 'போல்டர்ஸ் கேற் 3' என்னும் கணினி விளையாட்டும் இவ்வுலகிலேயே நிகழ்கின்றது.

அவ்வுலகின் பெயர் தோரில். அதன் தெய்வ வரிசையின் உச்சியில் ஏயோ என்னும் தலைவன் உள்ளான். அவனுக்குக் கோயில் இல்லை, பூசை இல்லை. மாந்தர் வேண்டுதலுக்கு அவன் செவிசாய்ப்பதும் இல்லை. தெய்வங்களைக் கண்காணிப்பதே அவன் தொழில். ஆதியிலே செலூனே, ஷார் என்னும் இரட்டைச் சகோதரியர் தோன்றினர். ஒருத்தி ஒளி; மற்றவள் இருள். சோன்தியா என்னும் நிலமகள் தன் உயிர்களுக்கு வெப்பம் வேண்டினாள். செலூனே ஞாயிற்றை ஏற்றினாள். ஷார் அதனை வெறுத்தாள். அப்போர் இன்றுவரை ஓயவில்லை. அப்போரில் இருவருடைய ஆற்றலும் கலந்தவிடத்தே மந்திரத்தின் தெய்வம் பிறந்தது என்பது அவ்வுலகின் படைப்புக் கதை.

ஏயோவுக்குக் கீழ் நான்கு படிகள் உள்ளன. அவை முதல்நிலைத் தெய்வம், இடைநிலைத் தெய்வம், கீழ்நிலைத் தெய்வம், அரைத்தெய்வம் என்பன. 2002ஆம் ஆண்டில் வெளிவந்த விதிநூல் இப்படிகளுக்கு எண்ணும் வகுத்தது. ஒன்று முதல் ஐந்து வரை அரைத்தெய்வம். ஆறு முதல் பத்து வரை கீழ்நிலை. பதினொன்று முதல் பதினைந்து வரை இடைநிலை. பதினாறு முதல் இருபது வரை முதல்நிலை. இருபதுக்கு மேற்பட்டது ஏயோவைப் போன்றோர்க்கே உரியது. அரைத்தெய்வத்தைத் தொழுவோர் சில நூற்றுவர் முதல் சில ஆயிரவர் வரை; முதல்நிலைத் தெய்வத்தைத் தொழுவோரோ பல இலட்சத்தையுங் கடந்தவர். எண்ணிக்கை ஏற ஏறப் பதவியும் ஏறும் என்பதே இதன் பொருள்.

படியைப் போலவே துறையும் முக்கியமானது. போர், அறுவடை, கடல், கள்வர் தொழில், காதல் என ஒவ்வொன்றும் ஒரு தெய்வத்தின் ஆட்சித்துறையாகும். துறை ஒரு தெய்வத்தின் உடன்பிறந்த இயல்பு அன்று. அது ஓர் உத்தியோகம். ஒருவர் விட்டால் மற்றொருவர் ஏற்கலாம். இதனை விளக்கும் கதை ஒன்றுண்டு. ஜேர்கல் என்னும் பழைய தெய்வம் மரணம் முதலிய பல துறைகளைத் தன்னிடம் வைத்திருந்தது. பேன், பஹால், மேர்க்குல் என்னும் மாந்தர் மூவர் அதன் அரியணையைப் பறிக்கும் நோக்கோடு வந்தனர். ஜேர்கலோ போர் செய்யவில்லை. ஆட்சியிற் சலித்துப்போன அது, அரியணையை விட்டு எழுந்து, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. மூவரும் தமக்குள் யார் பெரியவர் என்று பிணங்கிச் சூதாடிப் பங்கிட்டனர். பேன் கொடுங்கோன்மையையும் மேர்க்குல் இறந்தோரையும் பஹால் கொலையையும் தத்தமக்கென எடுத்துக்கொண்டனர். ஜேர்கல் ஓய்வு பெற்றுப் போய்விடவில்லை. இறந்தவர் பெயரைப் பதிவேட்டில் எழுதும் எழுதுவினைஞராக அதே இடத்தில் அமர்ந்துவிட்டது. தலைவர்கள் பலர் வந்து போயினர்; பதிவேடு எழுதுபவர் மட்டும் மாறவில்லை.

பெரிய தெய்வத்துக்குச் சிறியது பணிபுரிதலும் உண்டு. போர்த் தெய்வமாகிய தெம்பசின் கீழ், போர்த்தந்திரத்துக்குரிய செவ்வீராங்கனை என்னும் அரைத்தெய்வம் பணிபுரிகின்றாள். நீதிக்குரிய டீர், துன்பத்தைத் தான் சுமக்கும் இல்மாட்டர், கடமைக்குரிய தோர்ம் ஆகிய மூவரும் ஒரு குழுவாய் இயங்குவர். தெய்வங்களின் கீழே அவற்றின் தூதர்களும், இறந்தபின் அவற்றின் உலகை அடைந்த அடியார்களும் வரிசையாக நிற்பர்.

இவ்வரிசைக்குப் புறம்பாக நிற்பன நிலத்தின் ஆவிகள். தோரிலின் கிழக்கே இராஷெமன் என்னும் குளிர்நாடு உள்ளது. அங்கே முகமூடி அணிந்த மந்திரப் பெண்டிரே ஆட்சியாளர். அந்நாட்டில் மரத்துக்கும் ஆற்றுக்கும் பாறைக்கும் ஆவி உண்டு. மண்ணோடு பிணைந்துவிட்ட விலங்கு முதலியவற்றின் ஆவிகள் 'தெல்தோர்' எனப்படும். அவை தத்தம் இடத்தோடு கட்டுண்டவை. அவற்றுக்குப் பதவி இல்லை. தொழுவோரை எண்ணும் கணக்கும் இல்லை. ஆறு ஓடும்வரை ஆற்றின் ஆவி உண்டு. தெய்வங்களோ மாந்தர் நெஞ்சிலே வேரூன்றியவை. ஆதலால் உயரவும் பரவவும் கூடியவை. ஆதலாலேயே வாடவும் கூடியவை.

தெய்வம் தொழுவோரை நம்பி வாழவேண்டிய நிலை எவ்வாறு வந்தது? அதற்கும் ஒரு வரலாறு புனையப்பட்டது. விளையாட்டின் விதிகள் 1989ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபோது, அம்மாற்றத்துக்குக் காரணங் காட்டும் பொருட்டு மூன்று நாவல்கள் எழுதப்பட்டன. அவை கூறுவது வருமாறு. தோரிலின் கணக்கில் 1358ஆம் ஆண்டில், பேனும் மேர்க்குலும் ஏயோவின் விதிப்பலகைகளைத் திருடினர். தெய்வங்கள் தம் கடமையை விதிக்கும் சாசனங்கள் அவை. தெய்வங்கள் அதிகாரத்தை நாடினவேயன்றித் தம்மைத் தொழுதோரின் நலத்தை நாடவில்லை என்று கண்ட ஏயோ சினங்கொண்டான். அனைத்தையும் மண்ணுலகுக்குத் துரத்தி, மானிட உடலிற் புகுத்தி அலைய விட்டான். காவல் தெய்வமாகிய ஹெல்ம் மட்டும் தன் ஆற்றலோடு வானப் படிக்கட்டைக் காக்க நிறுத்தப்பட்டான்.

மந்திரத் தெய்வமாகிய மிஸ்திரா, தலைவனிடம் உண்மையை முறையிடுவதற்காகப் படியேற முயன்றாள். எவரையும் விடலாகாது என்பது கட்டளை. ஹெல்ம் அவளைத் தடுத்தான், முடிவில் கொன்றான். கட்டளைக்குப் பணிந்தவன் அவன். ஆயினும் மாந்தர் நெடுங்காலம் அவனை வெறுத்தனர். தோர்மின் கதை இதற்கு நேர் எதிரானது. தன் நகர மக்களைக் காக்கப் பேனோடு பொருத தோர்மின் வலிமை போதவில்லை. அவன் அடியார்கள் தம் உயிரையே மனமுவந்து அவனுக்கு ஈந்தனர். இருவரும் ஒருவரையொருவர் கொன்று வீழ்ந்தனர். கடமையை உணர்ந்தவன் என்று தோர்மை ஏயோ மீண்டும் எழுப்பினான். பேனை எழுப்பவில்லை. மேர்க்குலும் பஹாலும் மாண்டனர். மிட்நைட் என்னும் மானிடப் பெண் புதிய மிஸ்திராவானாள். சீரிக் என்னும் மானிடன் மாண்டோருடைய துறைகளைக் கைப்பற்றினான்.

குழப்பம் முடிந்தபின் ஏயோ ஒரு சட்டம் இட்டான். இனி ஒவ்வொரு தெய்வத்தின் வலிமையும் அதனைத் தொழுவோரின் எண்ணிக்கையையும் பக்தியையும் பொறுத்ததே என்பது அச்சட்டம். மக்களைப் புறக்கணிக்கும் தெய்வம் மங்கும். பேணும் தெய்வம் ஓங்கும். நோக்கம் நல்லது என்பதில் ஐயமில்லை.

இக்கருத்து முற்றிலும் புதியதன்று. கி.மு. 414இல் ஏதன்சு நகரில் அரங்கேறிய 'பறவைகள்' என்னும் அரிஸ்டோபனீசின் நாடகத்தில், வானுக்கும் மண்ணுக்கும் இடையே பறவைகள் நகரமைத்து வேள்விப் புகையை மறித்துவிடும். தேவர்கள் பசியால் வாடிச் சமாதானம் பேச வருவர். அமெரிக்க எழுத்தாளர் ஃபிரிற்ஸ் லைபர் 1959ஆம் ஆண்டில் எழுதிய கதை ஒன்றில் தெய்வங்களின் தெரு ஒன்று வரும். அடியார் பெருகினால் தெய்வத்தின் இருப்பிடம் தெருவின் மேற்கோடிக்கு நகரும். அருகினால் கீழ்க்கோடியின் பக்கம் தள்ளப்படும். அவ்விருவரும் நகைச்சுவைக்காகக் கூறியதை இந்த விளையாட்டு உலகம் சட்டமாகவே ஆக்கிவிட்டது. சட்டமாக்கியதும் அதன் விளைவுகளையும் ஏற்க வேண்டியதாயிற்று.

அவ்விளைவுகளிற் கொடியது ஒரு மதில். தோரிலில் இறந்தவரின் உயிர் ஒரு சாம்பல்நிறச் சமவெளியிற் காத்து நிற்கும். ஒவ்வொரு தெய்வத்தின் தூதரும் வந்து தம் அடியாரை அழைத்துச் செல்வர். தன் தெய்வத்துக்குத் துரோகம் செய்தோர் தண்டனை பெறுவர். எந்தத் தெய்வத்தையும் தொழாது வாழ்ந்தோரை அழைக்க எவரும் வாரார். அவர்களின் உயிர்கள் நம்பிக்கையற்றோர் மதில் எனப்படும் சுவரிலே செங்கற்களாய்ப் பதிக்கப்பட்டு, மெல்ல மெல்லக் கரைந்து ஒழியும். அங்கே நல்லவரா தீயவரா என்ற விசாரணை இல்லை. பசித்தோர்க்கு உணவளித்தவரும் கொலைஞரும், தொழாதவர் என்ற ஒரே காரணத்தால், ஒரே சுவரில் இருப்பர். தொழுகையே தெய்வத்தின் உணவு என்றாகிவிட்ட உலகில், உணவு தர மறுத்தவனுக்கு அஞ்சத்தக்க தண்டனை ஒன்று வேண்டியிருந்தது.

இக்கொடுமையைக் களைய முயன்ற ஒருவனின் கதை 1998ஆம் ஆண்டு நாவலொன்றில் வருகின்றது. கெலம்வோர் என்னும் முன்னாள் போர்வீரன், சீரிக்குக்குப் பின் இறந்தோரின் அதிபதியானான். அவன் நெஞ்சில் ஈரமுடையவன். இறந்தவர் எத்தெய்வத்தைத் தொழுதார் என்று கேளாமல், எவ்வாறு வாழ்ந்தார் என்று கேட்டுத் தீர்ப்பளித்தான். நல்லோர் சாவுக்கு அஞ்சாதவராயினர். வீரர் உயிரைப் பெரிதென எண்ணாமற் போர்க்களம் புகுந்து மாண்டனர். தீயோர் அவனிடமிருந்து விலகினர். நல்லவனாய் இருந்தாற் போதும் எனில் கோயிலுக்கு ஏன் செல்ல வேண்டும் என்ற எண்ணம் பரவியது. ஏனைய தெய்வங்கள் நலிந்தன. மானிட இயல்பினாலே கடமையிற் பிழைத்தான் என்று அவன்மீது குற்றஞ் சாட்டப்பட்டது. முடிவில் அவன் தன் நெஞ்சின் ஈரத்தை ஒதுக்கிவைத்து, பக்கஞ் சாராத நீதிபதியாகினான். அவனுடைய மாளிகையும் நகரமும் நிறமிழந்து சாம்பலாயின.

கெலம்வோர் தோற்றது ஏன் என்பதை ஆராய்தல் வேண்டும். அவன் தீர்ப்பு அநீதியானதன்று. அது அமைப்பின் அடித்தளத்தோடு முரண்பட்டது. எண்ணிக்கையால் வாழும் அதிகாரம், எண்ணிக்கையைக் குறைக்கும் நன்மையைப் பொறுத்துக்கொள்ளாது. மக்களைப் பேணுக என்று ஏயோ இட்ட சட்டம், மக்களை இழக்காதே என்ற அச்சமாய்த் திரிந்துவிட்டது. பேணுவதற்கும் இழக்காது பிடித்து வைத்திருப்பதற்கும் உள்ள வேற்றுமை பெரிது. முன்னது பிறர்நலம், பின்னது தன்னலம்.

படைத்தவர்களும் விளையாடுவோரும் இதனை உணராமல் இல்லை. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கணினி விளையாட்டு இம்மதிலையே கதையின் மையமாக்கியது. மேர்க்குலின் துறவியாகிய அக்காச்சி, தான் காதலித்த பெண்ணின் உயிர் மதிலிற் பதிக்கப்பட்டதைக் கண்டு, தன் தெய்வத்துக்கு எதிராகவே படை திரட்டித் தோற்றான். விளையாடுபவன் அம்மதிலின் முன் சென்று நிற்கலாம். அதனைத் தகர்க்கும் வழி அவனுக்கு அளிக்கப்படவில்லை. தோற்றுப்போன ஒரு துறவியின் பக்கமே பலருடைய நெஞ்சமும் சாய்ந்தது. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த நூலொன்றிலும் மதில் பற்றிய குறிப்பு இருந்தது. 2020ஆம் ஆண்டில் அந்நூலுக்கு வெளியிட்ட திருத்தத்தில் பதிப்பாளர் அக்குறிப்பை நீக்கிவிட்டனர். அக்காச்சியின் படையால் இடிக்க முடியாத மதிலை ஒரு திருத்தப் பட்டியலின் சிறுவரி இடித்துவிட்டது எனலாம்.

ஒரு விளையாட்டின் தெய்வங்களைப் பற்றி இவ்வளவு ஆராய்வது எதற்கு என்று சிலர் கேட்கலாம். இக்கற்பனைத் தெய்வங்கள் சமய உண்மை எதனையும் நிறுவ வந்தவை அல்ல. மக்களின் ஆதரவால் நிலைக்கும் எந்த அதிகாரத்துக்கும் அவை ஒரு கண்ணாடியாகின்றன. ஆதரவு இல்லையேல் அதிகாரம் இல்லை என்ற விதி ஆள்வோரைப் பணிவுடையோராக்கவும் கூடும். ஆதரவை அச்சத்தாற் பறிக்கும் கொடியோராக்கவும் கூடும். ஒரே விதியின் கீழ்த்தான் தோர்மின் அடியார் மனமுவந்து உயிர் ஈந்தனர். அவ்விதியின் கீழ்த்தான் தொழாதவர் சுவரிற் பதிக்கப்பட்டனர். தோர்மைத் தொழுதவர் அவனிடம் அன்பு கொண்டு தொழுதனர். மதிலுக்கு அஞ்சித் தொழுதவன் தொழுதது மதிலையே அன்றி, எந்தத் தெய்வத்தையும் அன்று.